சூளைக்குப் பின்னால் ஒன்றுமில்லை

"இங்க காளான் எங்க கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டார் வார்சாவிலிருந்து வந்தவர்.

கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம்.

இரண்டு நாள் மழை விட்டு வெயில் அடித்த செப்டம்பர் காலை. எங்கள் ஓல்ஷின்கி ஊரில் காளான் இடம் அவரவர் ரகசியம்; இந்தக் கேள்வியைச் சொந்த அண்ணனிடம்கூடக் கேட்க மாட்டோம். பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் துருவும் எங்கள் பாதிரியாரும் இதை மட்டும் கேட்டதில்லை.

அவர்மேல் தப்பில்லை. சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர். தலையில் ஹெல்மெட், முகம் நிறையச் சிரிப்பு. அமைதியான கிராமம் பார்க்க வந்தாராம்.

விருந்தாளியிடம் 'தெரியாது' என்று சொல்வது எங்கள் ஊரில் மரியாதை ஆகாது. ஒன்றுமே முளைக்காத இடத்துக்கு அன்பாக வழி சொல்லி அனுப்ப வேண்டும்.

கடைக்கார போஜேனா அக்கா முதலில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியை விற்றாள். பிறகு கையை நீட்டினாள்.

"அதோ, பழைய செங்கல் சூளை தெரியுதா சார்? அதுக்குப் பின்னாடி போங்க. அள்ளிக்கிட்டு வரலாம்."

"ஒரு வாளி போதுமான்னு கேளு போஜேனா," என்றார் டிராக்டர் ஓட்டி ஓய்ந்த மியெத்தெக் மாமா. "அப்புறம் மனுஷன் ரெண்டு நடை நடக்கணும்."

ஊர்த்தலைவர் ஜெனோன் தொப்பியைக் கழற்றி, அதே சூளையைக் காட்டிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார்.

நான் முகம் தெரியாமல் குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தேன்.

ஜெனோனின் மகள் யகோதாவும் நானும் கல்யாணம் செய்துகொள்வதாக இருக்கிறோம். எங்கள் இருவருக்கும் சம்மதம். அவரிடம் மூன்று முறை கேட்டாயிற்று. மூன்று முறையும் என் பெயரைச் சொல்லி ஒரே பதில்.

"கயேதான் நல்ல பையன். அதான் பயமா இருக்கு. மாட்டை வித்துட்டு வாடான்னு சந்தைக்கு அனுப்பினா, மாட்டுக்கு என்னென்ன சீக்குன்னு சேர்த்துச் சொல்லிட்டு வருவான்."

என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறதாம்.

சூளைக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்பது ஊருக்கே தெரியும். தெரியவைத்தவன் நான்.

நான்கு வருட உழைப்பு. லூப்ளினில் கல்லூரி, இலையுதிர் காலத்தில் சனி ஞாயிறு மட்டும் ஊர். ஒவ்வொரு முறையும் சூளைப் பக்கமிருந்து வந்து, இந்தப் பெஞ்சின் முன்னால் கூடையை வைத்து, மேலே கிடக்கும் இரண்டு புழுத்த காளான்களைக் காட்டி, அரை மணி நேரம் புலம்புவேன். ஒன்றும் கிடைக்காதவன் அப்படித்தான் புலம்புவான். மழையைத் திட்டுவான், மண்ணைத் திட்டுவான், அரசாங்கத்தைத் திட்டுவான். கூடைக்குள் இலைகளுக்கு அடியில் என் முஷ்டி பெரிது பெரிதாகப் பழுப்புத் தொப்பி போட்ட பொரோவிக் என்னும் உயர்ந்த ரகக் காளான்கள் மூச்சுக் காட்டாமல் கிடக்கும்.

வந்தவர் கடைசியாக என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன தம்பி சொல்றீங்க?"

வேறு இடம் சொன்னால் மூன்று ஜோடிக் கண்களும் 'ஏன்?' என்று கேட்கும்.

"சூளைதான் சார்," என்றேன். என் கைதான் மற்ற எல்லாக் கைகளையும்விடச் சரியாக நீண்டிருந்தது.

அவர் போனதும் பெஞ்சு குலுங்கக் குலுங்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். இவர் காளானை ஓட்டலில் மட்டுமே பார்த்தவராக இருக்க வேண்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டே சிரித்தேன்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

வெயில் அடித்தும் விடாத அந்தக் காலைக் குளிரிலும் ஜாக்கெட்டைக் கழற்றி வாளியைப் போர்த்தியிருந்தார்.

"ஒண்ணுமில்லை," என்றார்.

அவ்வளவுதான். மழையைத் திட்டவில்லை. அரசாங்கத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நல்ல அமைதியான ஊர். ரெண்டு நாள் தங்கிட்டுப் போகலாம்னு பார்க்கிறேன். ரூம் ஏதாவது கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு மணி நேரத்தில் எங்கள் ஊர்க்காரராகிவிட்டார், பாவம். பாதிதான் ஆகியிருந்தார்: புலம்பத் தெரியவில்லை.

போஜேனா அக்காவுக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது. காலை பதினோரு மணிக்குக் கடையைப் பூட்டினாள். மியெத்தெக் மாமாவுக்குக் கோழி ஞாபகம் வந்தது. இருவரும் எதிரெதிர்த் திசையில் கிளம்பினார்கள். சூளைக்கு இரண்டு பக்கமும் பாதை உண்டு.

ஜெனோன் மட்டும் எழவில்லை. வாளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா?"

"நாலு."

"போன வருஷம் இங்க நின்னு புலம்பினியே. கண்ணுல தண்ணி வேற வந்துச்சு."

"வந்துச்சு."

"பாவமேன்னு என் கூடையில இருந்து நாலு காளான் எடுத்துக் குடுத்தேனேடா!"

"வாங்கிக்கிட்டேனே, ஐயா."

அவர் மீசை ஒரு தரம் துடித்தது. கோபமா என்று பார்த்தேன். பிடிபடவில்லை. இந்த ஊரில் முகத்தில் எழுதி ஒட்டாத மனிதர் அவர்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வா," என்றார் கடைசியில். "உங்க அப்பா அம்மாவையும் கூட்டிட்டு வா. கல்யாணத் தேதி பேசிடலாம். எதுவும் கொண்டுவர வேண்டாம். காளானை நான் பார்த்துக்கிறேன்."

சொல்லிவிட்டு எழுந்தார். முழங்கால் வலி என்று இரண்டு வருடமாக அறுவடைக்கே இறங்காத மனிதர், மியெத்தெக் மாமா சூளைத் திருப்பத்தில் மறைவதற்குள் அவரை முந்திக்கொண்டு போனார்.