முகம் பார்த்தே சொல்லும் டாக்டர்

"டாக்டருகிட்ட ரத்தம் போகுதுன்னு மட்டும் சொன்னாப் போதும். மேக்கொண்டு ஒரு வார்த்தை வரப்படாது."

"சரி புள்ள."

"சும்மா சரின்னாப் பத்தாது. எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. விஷயம் நாலு ஆம்பளைங்க வாயில உழுந்தா அப்புறம் என்னை உசுரோட பார்க்க முடியாது."

வேலப்பன் மனைவி இருசாயியின் தலையில் மெல்லத்தான் அடித்தான். ஆனால் அந்தச் சத்தியம் முள்ளாகத் தொண்டையில் குத்தி நின்றுவிட்டது.

கொல்லிமலைக்கு இன்னும் பஸ் ரோடு வரவில்லை. சேந்தமங்கலத்து டாக்டர் அர்த்தனாரி சந்தை நாளில் டோலியில் உட்கார்ந்து மலையேறி வருவார். நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதும், நாலு கேள்வி கேட்பதும் கற்றுக்குட்டிகளின் வேலை என்பது அவர் கட்சி. "முகத்தைப் பார்த்தாலே போதும், சொல்லிவிடுவேன்" என்பார். அவர் பேச்சைப் போலவே உடம்பும் கனம். டோலி தூக்க நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரில் முன்னால் தோள் கொடுப்பவன் வேலப்பன்.

முதல் வாரம், சந்தைக் கொட்டகையில் டோலியை இறக்கிவைத்த கையோடு கும்பிட்டு நின்றான்.

"சாமி, ரத்தம் போகுதுங்க. மாசத்துல பாதி நாளு போகுதுங்க."

"மூலம்!" என்றார் டாக்டர், மூக்குக் கண்ணாடியைக்கூட மாட்டாமல். "மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கே!"

"அதில்லீங்க, வந்து..."

"டாக்டர் நானா, நீயா?"

சத்தியம் ஞாபகம் வந்தது. வேலப்பன் வாயை மூடிக்கொண்டான்.

காரத்தைத் தொடாதே, கருணைக்கிழங்கு சாப்பிடு, பொடியை மோரில் கலக்கிக் குடி, ரத்தம் ஊற டானிக் குடி என்று டாக்டர் அடுக்கினார். கம்பவுண்டர் குப்புசாமி ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, அந்த ஊசியையும் பொட்டலமாக் கட்டிக் குடுத்தீங்கன்னா ஊட்டுல போயிப் போட்டுக்கறோமுங்க."

"ஏன், உங்க ஊட்டு எருமை போட்டு விடுமா?" என்றபடி குப்புசாமி நறுக்கென்று குத்தினார்.

சந்தையே சிரித்தது. கொட்டகைக்கு வெளியே, பலாமரத்தடியில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த இருசாயி மட்டும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து வேலப்பனுக்கு ஊரில் வேறு பெயர். "ஏண்டா மூலம், தோளை மாத்துடா" என்பான் கூட டோலி தூக்கும் மாதன். வேலப்பன் தோளை மாற்றுவான்.

வாராவாரம் ஊசி குத்தினார்கள். வாராவாரம் டானிக் பாட்டில் காலியானது.

"இப்ப எப்படி இருக்கு?"

"நடக்கறதுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்குங்க. ரத்தந்தான் நிக்கலீங்க."

"தெம்புக்கு என்ன குறைச்சல்? என்னையே தூக்கிட்டு மலையேறுறே! மூலக்காரன் எவனாவது இப்படிக் கருங்கல்லுமேலே சம்மணம் போட்டு உட்காருவானா? எல்லாம் நம்ம மருந்து!" என்று டாக்டர் சந்தைக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டார்.

அப்புறம் அவர் பார்வை பலாமரத்தடிக்குப் போனது. "உன் பெண்டாட்டிதான் பாவம், சுண்ணாம்பாட்டம் வெளுத்துப் போயிட்டா. நோயாளியை வெச்சுப் பாத்துக்கறது லேசா? முகத்தைப் பார்த்தாலே தெரியுதே, உன்னைக் கவனிச்சுக் கவனிச்சே அவ உடம்பு போச்சு. உத்தமி!"

வேலப்பனுக்குக் கண் கலங்கியது.

"சாமி, இப்படியே ரத்தம் போச்சுன்னா என்னங்க ஆகும்?"

"ஆள் தாங்காது."

"தாங்காதுங்களா?"

"தாங்கவே தாங்காது. மருந்துக்கு அடங்கலேன்னா கத்திதான். அடுத்த சந்தைக்குக் கத்தியோட வர்றேன். அறுத்துவிட்டுடலாம்."

வேலப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். கத்திக்குப் பயந்து அழுகிறான் என்று மாதன் ஊரெல்லாம் சொல்லி வைத்தான்.

அடுத்த சந்தை நாளில் டாக்டரும், டாக்டர் மடியில் கத்திப் பெட்டியும் மலையேறி வந்தார்கள். முன்னால் தோள் கொடுத்தது வேலப்பன்தான்.

கொட்டகையில் பெஞ்சைப் போட்டு அவனைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். சந்தைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். கூட டோலி தூக்கிய மூவரும் கையையும் காலையும் அமுக்கிக்கொண்டார்கள். குப்புசாமி வெந்நீரிலிருந்து கத்தியை எடுத்துத் துடைத்தார்.

"மூலம், கடைசியா ஏதாச்சும் சொல்லோணுமாடா?" என்றான் மாதன்.

வேலப்பனின் வாய் திறந்தது. கண் பலாமரத்தடிக்குப் போனது. அங்கே இருசாயி தன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் அடித்துச் சத்தியம் செய்த அதே தலை.

"ஒண்ணுமில்லீங்க. அறுங்க" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான்.

டாக்டர் கத்தியை வாங்கினார்.

இருசாயி எழுந்தாள். தள்ளாடிக்கொண்டே ஆம்பளைக் கூட்டத்தை விலக்கி உள்ளே வந்து, பெஞ்சுக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்றாள். கொட்டகைத் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"அவரை உட்ருங்க சாமி! மாசாமாசம் தீட்டு நிக்காம ரத்தம் போறது எனக்குங்க... என்னையப் பாருங்க!"