மூன்றாவது மாடியில் ஒரு அலறல்

"காப்பாத்துங்க!"

ஜஸீமா அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

இயக்குநர் செங்குட்டுவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மானிட்டரைப் பார்த்தான். நீளமான வராந்தா. அது காலியாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் வீட்டுக் கதவுகள். அவை மூடியே இருக்க வேண்டும்.

டமால் டமால் என்று எல்லாக் கதவும் திறந்துகொண்டன.

முதலில் வந்தவள் சிலுவையம்மாள். கையில் மீன் வெட்டுகிற கத்தி. பின்னாலேயே பரசுராமன், பாதி ஷேவிங்கில், கன்னமெல்லாம் நுரையோடு. அவருக்குப் பின்னால் கரண்டி, துடைப்பம், ஒரு கிரிக்கெட் மட்டை.

"எவன்டா அவன்? எங்க கீறான்?"

கொலைகாரனாக நடித்த உதவி இயக்குநர் பாரி, உயிர் பிழைத்தால் போதும் என்று படிக்கட்டில் இறங்கி ஓடினான்.

"கட்! கட்!" செங்குட்டுவன் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, ஷூட்டிங்னு காலையிலேயே வீடு வீடா வந்து சொன்னேனே!"

"அடச்சே, மறந்தே பூட்டேன் நைனா. பொண்ணு கொரலு கேட்டுச்சா, காலு தானா வந்துடுச்சி," என்றாள் சிலுவையம்மாள்.

செங்குட்டுவனுக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. நாளைக் காலையில் வடபழனியில் ஒரு தயாரிப்பாளரைப் பார்க்க வேண்டும். "முதல் மூணு நிமிஷத்தைக் காட்டு. நான் சேர் நுனிக்கு வந்துட்டா முழுப் படம். வரலேன்னா டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பு," என்று சொல்லியிருந்தார். பல வருஷ அலைச்சலுக்குப் பிறகு கிடைத்த ஒரே வாய்ப்பு. கேமராவோ இரவல். பொழுது சாய்வதற்குள் திருப்பித் தந்தாக வேண்டும்.

எர்ணாவூர் குடியிருப்பின் மூன்றாவது மாடியே அவனைச் சுற்றி நின்றது. பொறுமையாக விளக்கினான்.

"இது திரில்லர்க்கா. முதல்ல குழாய் சொட்டுற சத்தம் மட்டும்தான். மியூசிக் கிடையாது. அப்புறம் கொலைகாரனோட கால். மூஞ்சியைக் காட்டவே மாட்டேன். கேமரா அசையாது, ஷாட்டை வெட்டவும் மாட்டேன். அவன் வர்றது படம் பார்க்கிறவனுக்குத் தெரியும், அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. அவன் கேமராவைத் தாண்டிப் போயிடுவான், கடைசியில அவ கத்துற சத்தம் மட்டும் கேக்கும். கத்தினதும்..."

"கத்துனதும்?" பரசுராமன் நுரையைத் துடைக்க மறந்து கேட்டார்.

"ஒண்ணுமே நடக்காது! ஒரு கதவும் திறக்காது. அந்த மூடின கதவுங்கதான் பயமே!"

சிலுவையம்மாள் பரசுராமனைப் பார்த்தாள். அவர் மற்றவர்களைப் பார்த்தார்.

"ஷோக்காத்தான் கீது. நீ ஆரம்பி நைனா, நாங்க உள்ள போறோம்," என்றாள் அவள்.

இரண்டாவது டேக். பாரியின் கால்கள் பயந்து பயந்து வந்தன. ஜஸீமா கத்தினாள்.

மறுபடியும் எல்லாக் கதவும் திறந்தன. இந்த முறை சிலுவையம்மாள் கிறிஸ்துமஸ் பட்டுப்புடவையில் வந்தாள், முகத்தில் அரை டப்பா பவுடர். பரசுராமன் மழமழவென்று ஷேவ் செய்து, கூலிங்கிளாஸ் மாட்டியிருந்தார். மற்றவர்கள் கையில் அதே கரண்டி, அதே மட்டை.

"பார்த்தியாடா? மூஞ்சி படத்துல வரணும்னு அலையுறாங்க," என்று செங்குட்டுவன் பாரியின் காதில் பல்லைக் கடித்தான்.

"வெளியிலேருந்து தாழ்ப்பாளைப் போட்டுட்டா?" என்றான் பாரி.

தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். சிலுவையம்மாளுக்கு ஒரே சிரிப்பு. "போட்டுக்க நைனா! நாங்க இன்னா ஓடியா பூடுவோம்?"

மூன்றாவது டேக். வெயில் இறங்கத் தொடங்கிவிட்டது. இதை விட்டால் வேறு இல்லை.

குழாய் சொட்டியது. கால்கள் நடந்தன. ஜஸீமா உயிரைக் கொடுத்துக் கத்தினாள்.

ஒரு நிமிஷம் நிசப்தம். செங்குட்டுவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

தட். தட். தட தட தட தட!

எல்லாக் கதவும் உள்ளேயிருந்து இடிபட்டன. தாழ்ப்பாள்கள் குதித்தன. வராந்தாவில் யாரோ வைத்திருந்த காலிக் குடம் உருண்டு போய்ச் சுவரில் முட்டியது.

"கட்!" செங்குட்டுவன் கதவுகளைப் பார்த்துக் கத்தினான். "உங்க மூஞ்சி சினிமாவுல வரணும்னு என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே!"

கதவுகள் அமைதியாகிவிட்டன.

"அண்ணா, கோவிக்காம இங்க வந்து பாருங்க," என்று மானிட்டர் பக்கத்திலிருந்து ஜஸீமா கூப்பிட்டாள். அவள் கை மயிர் சிலிர்த்து நின்றது.

பதிவானதை மறுபடி ஓடவிட்டாள். வெறும் வராந்தா. ஆள் அரவமே இல்லை. ஆனால் ஒவ்வொரு கதவும் உயிர் வந்ததுபோல நடுங்கியது. ஒரு தாழ்ப்பாள் மெதுவாக, மிக மெதுவாக நழுவிக்கொண்டிருந்தது.

பார்த்து முடிக்கும்போது செங்குட்டுவன் உட்கார்ந்திருந்த கவிழ்த்த பக்கெட்டின் நுனிக்கே வந்துவிட்டிருந்தான். பக்கெட் சாய்ந்து அவன் தரையில் விழுந்தான். விழுந்த இடத்திலேயே கைதட்டினான்.

"இதான்டா ஓப்பனிங்!"

ஓடிப் போய் எல்லாத் தாழ்ப்பாளையும் தானே திறந்தான். பரசுராமனைக் கட்டிப்பிடித்ததில் கூலிங்கிளாஸ் வளைந்தது. பாரி விசிலடித்தான். மாடியே ஆடியது.

சந்தோஷம் கொஞ்சம் தணிந்ததும் செங்குட்டுவனுக்கு வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சிடுங்கக்கா, கோவத்துல ஏதோ பேசிட்டேன். ஆனா நடிப்புன்னு தெரிஞ்சும் கதவை ஏன்க்கா அப்படி இடிச்சீங்க?"

சிலுவையம்மாள் பட்டுப்புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"மூஞ்சி வரணும்னு ஆசைதான், இல்லேன்னா எதுக்கு இந்தப் பட்டு? ஆனா இடிச்சது அதுக்கில்ல. கத்துனா ஒரு கதவும் தொறக்காதுன்னு நீ கதை சொன்னதும் எங்களுக்கு பேஜாரா பூட்ச்சி. எங்க பொண்ணுங்களும் இந்தப் படத்தப் பாக்கும்ல நைனா... அத்த நம்பிகினு, நாளைக்கு நெசமாவே ஒரு ஆபத்து வந்தா, எவளாச்சும் கத்தாமலே இருந்துட்டா?"