அவல் அளந்த மக்

"தோள்பட்டை கழண்டு விழுது புள்ள. அந்த அண்டாவ நீயே இந்தப் பக்கம் இழு" என்றாள் மரியம்மாள்.

பார்கவி இழுத்தாள். அண்டா சுலபமாக வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வரக் கூடாது. இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஊறிய அவல் அண்டாவில் பாதிகூட இல்லை.

"என்னக்கா இது? ஆளுக்கு அறுபது கிராம். இருநூறு பேருக்குப் பன்னெண்டு கிலோ. அண்டா நிறையணுமே!"

"பன்னெண்டு மக் எண்ணித்தான் போட்டேன்."

1997 ஜூலை. புனேயில் மழை விடவே இல்லை. ஈரத்தில் துருப்பிடித்த தராசு ரிப்பேருக்குப் போயிருந்தது. "அரிசி அளக்கிற மக்கால் அளந்து எடுத்துக்கோ" என்று சொன்ன மேடம், அவலை எடுத்து முடித்ததும் ஸ்டோரைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விட்டாள்.

"அந்த மக்குல கரெக்டா ஒரு கிலோ நிக்கும்" என்றாள் மரியம்மாள்.

"அரிசின்னா நிக்கும். அவல் நிக்குமா அக்கா? பாதி காத்துதானே! அரைக் கிலோகூட இருக்காது."

மரியம்மாளின் கை ஈர அவலுக்குள் அப்படியே நின்றது.

"அடிப் பாவி" என்றாள். தன்னைத்தான் சொன்னாள். "இங்க வந்ததுலேருந்து அரிசி அளந்த கை. அது பாட்டுக்கு அளந்துடுச்சு."

வெளியே வரிசையில் நின்றவர்கள் தட்டுகளைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

"வெங்காயம், உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் அரிஞ்சு போட்டுடலாமா?"

"போட்டுட்டு? வெங்காயத்துக்குள்ள அவல் எங்கன்னு தேடச் சொல்றியா? தட்டு என் மண்டையில வந்து விழும்."

"அப்ப மேடத்துக்கிட்ட சாவி கேக்கலாம்."

"மீதிய வித்துட்டேன்னு சொல்லுவா. சர்க்கரை கொறஞ்சதுக்கு அந்த சாந்தாபாய என்ன பண்ணினான்னு நீ பாத்தல்ல?"

பார்கவி பார்த்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குப் போவணும் புள்ள. போபோடியில என் பொண்ணு நெற மாசமா நிக்குது. அதுக்கு வேற நாதி கெடையாது. இன்னைக்கு என் பேர்ல ஒரு வரி எழுதிட்டான்னா, மேடம் என்னைய விடமாட்டா."

மரியம்மாள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

செருப்புச் சத்தம் கேட்டது. தட்டுச் சத்தம் ஒரே நொடியில் அடங்கிப்போனது. மேடம் உள்ளே வந்தாள். குச்சியால் அண்டாவின் மேல்பாதியில் ஒரு தட்டு தட்டினாள். வெற்றுப் பாத்திரம் போல அது அதிர்ந்தது.

"அளந்தது யார்?" இந்தியில் கேட்டாள்.

மரியம்மாள் வாயைத் திறந்தாள்.

"நான்தான் மேடம்" என்றாள் பார்கவி.

மேடம் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"படிச்சவளாச்சேன்னு சமையலுக்கு அனுப்பினேன். அவலும் அரிசியும் ஒரே எடையா?" சாவியைத் தரையில் எறிந்தாள். "மீதியை எடுத்துப் போடு. சாயங்காலம் என் அறைக்கு வா. உன்னைப் பத்தி மேல எழுதப் போறேன்."

அவள் போனதும் மரியம்மாள் பார்கவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் புள்ள இப்படிப் பண்ணின? உன்னைய என்ன செய்வாளோ!"

"பயமாத்தான் இருக்கு" என்றபடி பார்கவி குனிந்து சாவியை எடுத்தாள். "ஆனா வெள்ளிக்கிழமை உங்களுக்கு விடுதலை அக்கா, அது ஒரு நாள்கூடத் தள்ளிப் போகக் கூடாது. எனக்கு இந்த ஜெயில்ல இன்னும் பதினோரு வருஷம் பாக்கி."