சிற்றம்பலத்தாரின் கல்வெட்டு

“தமிழில அடிச்சால் என்ர பிள்ளையள் என்னத்தைப் பாக்கிறது? படத்தையோ?”

“இங்கிலிசில அடிச்சால் இங்க ஜெயபுரம் சனம் என்னத்தைப் பாக்கிறது? அதுகளும் படத்தையோ?”

“மாமி, கத்தாதேங்கோ. இது என்ர அப்பாவின்ர கல்வெட்டு.”

“எனக்கு அவர் ஆர்? றோட்டால போனவரோ? கூடப் பிறந்த அண்ணை!”

விறாந்தையில் கஜனியும் அவளுடைய மாமி ஞானேஸ்வரியும் நேருக்கு நேர் கதிரை போட்டு இருந்தார்கள். நடுவில், மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு, கிளிநொச்சியிலிருந்து வந்த அச்சகக்காரன் செந்தூரன். இறந்தவரின் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் ‘கல்வெட்டு’ என்ற நினைவுப் புத்தகங்கள் அவன் எத்தனையோ அடித்திருக்கிறான். சண்டை இல்லாமல் அச்சுக்குப் போன கல்வெட்டு ஒன்றும் அவன் நினைவில் இல்லை.

மேசையில் சிற்றம்பலத்தாரின் படம் கிடந்தது. வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு.

“வெள்ளிக்கிழமை எனக்கு பிளைட்,” என்றாள் கஜனி. “லண்டனில லீவு எடுக்கிறது உங்கட வயலுக்குப் போகாமல் நிக்கிற மாதிரி இல்லை. இண்டைக்கே முடிக்கவேணும்.”

“முடி. தமிழில முடி.”

“தமிழை வைச்சு என்ன செய்யிறது மாமி? பஸ் பலகை வாசிக்கலாம். இப்ப அதிலயும் இங்கிலிஸ் இருக்கு.”

“ஓமோம். நீ இங்கயிருந்து போகேக்க ‘யெஸ்’சும் ‘நோ’வும்தான் கொண்டுபோனனீ. அதிலயும் எதை எங்க சொல்லுறதெண்டு தெரியாது.”

கஜனி அதைக் காதில் விழுத்தவில்லை. கைபேசியைத் தூக்கிப் பிடித்து ஆங்கிலத்தில் உரத்து வாசித்தாள். விமானத்தில் இடுப்புப் பட்டி கட்டச் சொல்லுகிறவளின் குரல்.

“ஆர் எழுதினது? நீயோ?”

“போன் எழுதினது. ஒரு நிமிசம் போகேல்லை.”

“என்னவாம்? தமிழில சொல்லு.”

“அப்பா பெரிய அக்ரிகல்ச்சரல் என்ரபிரனராம்.”

“அது என்ன வருத்தம்? அண்ணைக்குச் சீனி வருத்தம் ஒண்டுதானே!”

விவசாயத் தொழில்முனைவர் என்று விளக்க வாயெடுத்த செந்தூரன் சிரிப்பை விழுங்கினான்.

“காடு வெட்டினதை எழுதினதோ உன்ர போன்? இடம்பெயரேக்க உடுப்பை விட்டிட்டு விதைநெல்லைத் தோளில சுமந்ததை எழுதினதோ?”

“விதைநெல்லெண்டால் என்னெண்டு பிள்ளையள் கேட்கும். அதுகளுக்கு ஆர் விளங்கப்படுத்திறது? கடைசி வரியைக் கேளுங்கோ. ‘குடும்பத்தினர் சூழ்ந்திருக்க அமைதியாய்க் கண்ணை மூடினார்.’ எப்பிடி?”

“ஆர் சூழ்ந்தது? நீ லண்டனில. உன்ர தம்பி கனடாவில. நானும் நாயுமோ?”

“இங்கிலிசில அப்பிடித்தான் எழுதிறது மாமி. எல்லாருக்கும் அதுதான்.”

செந்தூரன் மெல்லக் குறுக்கிட்டான். “அக்கா, திதி வெண்பா ஒண்டும் போடவேணும். ஐயா காலமான நாளையும் திதியையும் சொன்னால் எழுதுவிக்கலாம்.”

“வெண்பாவை இங்கிலிசில ஆர் எழுதிறது, தம்பி? அந்தப் பக்கத்தை வெறுமையா விடும்.”

இவ்வளவு நேரத்தில் ஞானேஸ்வரி எதிர்க்காத ஒரே கதை அதுதான். அவள் வேறு ஒன்றுக்குத் தாவினாள்.

“என்ர பேர் இருக்கோ அதில?”

“இருக்கு மாமி. இஞ்ச, கடைசியில.”

கஜனி விரல் வைத்த இடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள் ஞானேஸ்வரி. “இது நான்தான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? உன்ர மாமியாற்ற பேராயும் இருக்கலாம்.”

“சரி, உங்கட பேரை மட்டும் தமிழில போடுவம். ‘அன்புத் தங்கை’ எண்டு, பெரிய எழுத்தில.”

“படம்?”

“படமும் போடுவம்.”

“கலரில?”

“கலரில.”

ஞானேஸ்வரி சேலைத் தலைப்பை உதறிச் சரி செய்தாள். “பிறகென்ன. உலகமே இங்கிலிசில போகுது, நாங்கள் மட்டும் என்னத்துக்கு மல்லுக்கட்டிறது? ஜெயபுரம் சனம் எங்க இருந்து வாசிக்கப்போகுது!”

அரை மணி நேரம் தொண்டை கிழியக் காத்த தமிழ், ஒரு கலர்ப் படத்தோடு கணக்குத் தீர்ந்தது. காடும் விதைநெல்லும் போன வழி தெரியவில்லை. மாமியும் மருமகளும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

“இருநூறு பிரதி அடியும், தம்பி. மாமியிட்டக் குடுத்துவிட்டால் காணும்.”

“ஓம் அக்கா,” செந்தூரன் மடிக்கணினியை மூடினான். “முப்பத்தோராம் நாள் எப்ப வருது? அதுக்கு முந்தித் தரவேணுமெல்லோ?”

சிரிப்பு நின்றது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவருமே நிலத்தைப் பார்த்தார்கள்.

உள் அறையில் கட்டில் கிறீச்சிட்டது. ஒரு இருமல். பிறகு ஒரு முதியவரின் குரல், அவசரமில்லாமல், தெளிவாக.

“இங்கிலிசிலயே அடி, பிள்ளை. தமிழில அடிச்சால் சாகமுன்னம் நான் வாசிச்சுப்போடுவன்.”