ஏழாவது வருஷம்

ஜாரெல் சிரித்துக்கொண்டே இருந்தான். வெட்கம் கெட்ட அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க டாக்டர் லொரேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவனுக்கு இருபத்தைந்து வயது. அலபாமாவின் அந்தச் சின்ன ஊர்க் கல்லூரியில் ஆறு வருஷமாக அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிறான். மற்றவர்களுக்கெல்லாம் நாலு வருஷம் ஆடத்தான் அனுமதி. இவனுக்குத் தொற்றுநோயைக் காட்டி ஒரு வருஷம், கோர்ட்டுக்குப் போய் இன்னொரு வருஷம் வாங்கியாயிற்று. ஏழாவதுக்கு இப்போது லொரேனின் கையெழுத்து வேண்டுமாம்.

"ஒரே ஒரு வரி டாக்டர்." கோச் ஹேகர் காகிதத்தை மேஜைமேல் நகர்த்தினார். "மூணு வருஷத்துக்கு முன்னால முட்டியில அடிபட்டு, அந்த சீசன் பூரா ஆட முடியாமப் போச்சுன்னு எழுதுங்க. அந்த வருஷம் கணக்குல வராது. இவன் இன்னொரு வருஷம் ஆடலாம்."

"அந்த முட்டி ரெண்டே வாரத்துல சரியாயிடுச்சு. வைத்தியம் பாத்தவ நான். நீங்கதான் வேற ஆளை இறக்கிட்டு இவனை உக்கார வெச்சீங்க."

"அது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்?" ஹேகர் கண்ணைச் சிமிட்டினார்.

"மழை நின்னுடுச்சா மேடம்?" என்று ஜாரெல் கேட்டான்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் பளீரென்று அடித்தது. "மழையே பெய்யலையே," என்றாள் லொரேன் எரிச்சலோடு.

போன வாரம் இதே அறையில் ஒரு தாய் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். அவள் மகனுக்குப் பதினெட்டு வயது. அணியில் தருவதாகச் சொன்ன இடத்தை ஒற்றை வரிக் குறுஞ்செய்தியில் பிடுங்கிக்கொண்டார்கள். எல்லாம் இந்த மாதிரி நகராத ஆட்களுக்காக.

"இவனை விட்டா எனக்கு ஆள் கிடையாது டாக்டர்," ஹேகர் குழைந்தார். "சனிக்கிழமை ஆட்டத்தைப் பாத்தீங்கள்ல? தலைகுப்புற விழுந்தான். ரெண்டு நிமிஷம் அசைவே இல்ல. அப்புறம் எழுந்திரிச்சுக் கடைசிவரைக்கும் ஆடினான் பாருங்க, சிங்கக்குட்டி!"

"உங்க சிங்கக்குட்டிக்காக நான் பொய் எழுதணுமா?"

"சும்மா வேண்டாம். அடுத்த வருஷம் திறக்கிற விளையாட்டு மருத்துவமனைக்கு உங்க பேரையே வைக்கச் சொல்றேன்."

லொரேனுக்கு உடம்பெல்லாம் சேறு பூசியது போல இருந்தது. காகிதத்தை விரல் நுனியால் திருப்பித் தள்ளினாள்.

"மழை நின்னுடுச்சா மேடம்?" என்றான் ஜாரெல் மறுபடியும், அதே சிரிப்போடு.

கிண்டல் வேறா! அவளுக்குச் சுரீரென்று ஏறியது. நாற்காலியை அவன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏம்ப்பா, உனக்குக் கொஞ்சமாவது மனசு உறுத்தலையா? சின்னப் பசங்க இடம் கிடைக்காம வாசல்ல நிக்கறாங்க. நீ கதவை அடைச்சுக்கிட்டு உள்ளயே உக்காந்திருக்க. ஆறு வருஷம் பத்தலையா உனக்கு?"

"அவனை ஏன் கேக்கறீங்க? எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளுங்க," ஹேகர் அவசரமாகக் குறுக்கே வந்தார். "முட்டியை மட்டும் பாத்தாப் போதும் டாக்டர்."

"நீங்க சும்மா இருங்க. அவன் வாயால சொல்லட்டும்." அவள் ஜாரெலின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். "நீயே சொல்லு. இந்தக் காலேஜுக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

ஜாரெல் கோச்சைப் பார்த்தான். கோச் முகம் வெளிறிப்போய்த் தரையைப் பார்த்தார். உதவிக்கு யாரும் இல்லை என்று தெரிந்ததும், புது இடத்தில் பேசக் கூச்சப்படும் பிள்ளையைப் போல அவன் மெல்லச் சொன்னான்:

"நேத்துதானே மேடம் எங்கம்மா என்னை ஹாஸ்டல்ல கொண்டுவந்து விட்டாங்க!"