கோடிட்ட இடம்

சுவரொட்டியில் சிரித்துக்கொண்டிருந்த முகத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள் உஷா. அந்தச் சிரிப்பைப் பார்த்தபடி பேச அவளால் முடியாது.

"எந்தக் கட்சி அனுப்புச்சுதுங்க உங்கள?" என்று கேட்டார் ஆறுமுகசாமி. இலை ஷெட்டில் தேயிலை மூட்டைகளோடு பேக்டரி லாரிக்குக் காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். குன்னூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவளை அங்கே யாருக்கும் தெரியாது.

"எந்தக் கட்சியும் இல்லீங்க. நாங்க ஆறு பொம்பளைங்க சேர்ந்து ஆரம்பிச்சது. டீக் கம்பெனிக் காசுல எலெக்சன்ல நிக்கற ஆளுக்கு எங்க ஊரு ஓட்டு இல்லைன்னு ஊரூராக் கையெழுத்து வாங்கறோம்."

"மீதி அஞ்சு பேரு எங்கீங்க அம்மிணி?"

கையெழுத்து வாங்கப் போன மறுநாளே அந்த ஐந்து பேருடைய இலையையும் பேக்டரி லாரி ஏற்றாமல் போய்விட்டது. பறித்த இலை ஒரு ராத்திரி தாங்காது. மூட்டைக்குள்ளேயே சூடேறிக் கறுத்துவிடும். அதை ஓடையில் கொட்டிவிட்டு வந்தவர்களிடம் என்ன பேச முடியும்?

கிலோ பதினாலு ரூபாய்க்குப் போன இலை இப்போது நாலரை. அந்த நாலரையையும் இவர்கள் கையிலிருந்து தட்டிவிடத்தான் வந்திருக்கிறோமோ என்று அவள் நெஞ்சு அரித்தது. இது பதினோராவது ஊர். பத்து ஊரிலும் தாள் ஒரு கையெழுத்தும் இல்லாமல் திரும்பி வந்திருந்தது. நாளை மறுநாள் மாவட்டப் பஞ்சாயத்துத் தேர்தல்.

"விஜயபாஸ்கரு நம்ம ஆளாச்சேங்க அக்கா," என்றாள் வேலாமணி, சுவரொட்டியில் இருந்த முகத்தைப் பார்த்து. மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, இலையைக் கிளறி ஆற்றிக்கொண்டே பேசினாள். "போன வருசம் இலை வெலைக்குன்னு உண்ணாவிரதம் கெடந்தவரு. எங்க ஊருல இருந்தே லாரி புடிச்சுப் போய்ப் பாத்துட்டு வந்தோம்."

"ஆமாங்க. ஆறு நாள். வெறுந் தண்ணிதான்." உஷா சுவரொட்டிப் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "அதனாலதானுங்க பேக்டரிக்காரங்க அவர வளைச்சுப் போட்டாங்க. நம்ம இலைக்கு வெல தராதவங்கதான் அவரு ஜீப்புக்கும் போஸ்டருக்கும் குடுக்கறாங்க. ஜெயிச்சு வந்தா யாருக்காகப் பேசுவாருங்க?"

"ஊருல ஆயிரம் சொல்லுவாங்க. நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க. பேக்டரி மொதலாளிங்க ரெண்டு பேரு ஒரு பெட்டியோட வந்தாங்க. அவங்களுக்குக் காப்பி கொண்டுபோய்க் குடுத்ததே நான்தானுங்க."

ஷெட்டில் சிரிப்பு நின்றது.

"அட, அந்த ஊட்டுலயா வேலை செய்யறீங்க?" என்று கேட்டாள் வேலாமணி.

"பதினாறு வருசமாங்க."

"சோறு போடற ஊட்டுக்கே குழி பறிக்கறியே கண்ணு!" என்றாள் மூலையில் உட்கார்ந்திருந்த பேச்சி.

"குழிதானுங்க. எனக்கு வேற வழி தெரியலைங்க."

பெட்டியைத் திறந்தபோது அந்த மனிதரின் முகத்தில் சந்தோஷம் இல்லை, பசி இருந்தது. அதுதான் உஷாவைப் பயமுறுத்தியது. ஆறு நாள் பட்டினி கிடந்தபோதுகூட அந்த முகத்தில் அவள் பசியைப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்த்துச் சாப்பிடுவதில்லை.

பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். வேலாமணி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்தாள். "கம்பெனிப் பணத்தில் போட்டியிடும் திரு... ஏனுங்க, பேரு எழுதாம வெறுங் கோடு போட்டு உட்டிருக்குது?"

"அத நீங்களே எழுதிக்குங்க. என்ற கையால வேண்டாமுங்க."

"மொதலாளி பேரச் சொல்லவே பயம் பாருங்க இந்த அம்மிணிக்கு!" என்றார் ஆறுமுகசாமி. மறுபடி ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. உஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

வேலாமணி கோட்டின் மேல் பெயரை எழுதினாள். யாரையும் கேட்கவில்லை, கீழே தன் கையெழுத்தையும் போட்டாள். பதினோரு ஊருக்கு ஒரு கையெழுத்து. உஷாவுக்கு அழுகை வந்தது. அழுதால் அதையும் நடிப்பு என்பார்கள் என்று விழுங்கிக்கொண்டாள்.

கீழே கொண்டை ஊசி வளைவில் லாரியின் ஹாரன் கேட்டது. இன்னும் இரண்டு பேர், இலைக்கறை ஏறிய விரல்களால் அவசர அவசரமாகப் போட்டார்கள். மற்றவர்கள் ஆறுமுகசாமியைப் பார்த்தார்கள். அவர் போட்டால் ஊரே போடும். அவர் மறுத்தால் இந்த மூன்று பேருடைய மூட்டைகள் மட்டும் இன்றைக்கு ஷெட்டிலேயே கிடக்கும்.

அவர் தாளை வாங்கினார். பேனாவையும் வாங்கினார். ஆனால் எழுதவில்லை.

"லாரிக்காரன் ஏத்தலீன்னா என்ற இலை கறுத்துப் போகும். என்ற நட்டம் எனக்குத் தெரியுது. உங்க கதையென்ன? இது தெரிஞ்சா அந்த ஊட்டு வாசப்படி ஏற உடமாட்டாங்க."

"தெரியுமுங்க."

"வேற போக்கிடம் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

லாரி கடைசி ஏற்றத்தில் முனகிக்கொண்டு வந்தது. ஆறுமுகசாமி அவளைக் கூர்ந்து பார்த்தார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை.

"நெசத்தச் சொல்லுங்க அம்மிணி. விஜயபாஸ்கரு தோத்துப்போனா உங்களுக்கு என்னதான் கெடைக்கும்?"

உஷா நிமிர்ந்தாள்.

"எம் புருஷன் திரும்பக் கெடைப்பாருங்க."