கன்னத்தில் வெள்ளைப் புள்ளி

ஒரு வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மூன்று தங்கமீன்கள் இருந்தன. ஒருநாள் காலையில் ஆரஞ்சு மீனின் செவுள் மூடிமேல், அதாவது கன்னத்தில், ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன.

முதலில் பார்த்தது கறுப்பு மீன்தான்.

"ஐயோ, வெள்ளைப்புள்ளி நோய்! கடைத் தொட்டியில பாதிப் பேர் இதுலதான் போனாங்க. கிட்ட வராதே!" என்று கத்தியது. வெள்ளை மீனையும் கூட்டிக்கொண்டு மூலைக்கு ஓடியது.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே. நல்லாப் பசிக்குதே," என்றது ஆரஞ்சு மீன்.

"சாகப்போறவனுக்கு அப்படித்தான் பசிக்கும்."

ஆரஞ்சு மீன் அழுதது. தண்ணீருக்குள் அழுததால் யாருக்கும் தெரியவில்லை.

தொட்டிக்குச் சொந்தக்காரி ஜெசிந்தாவும் புள்ளிகளைப் பார்த்துவிட்டு மருந்து பாட்டிலோடு வந்தாள். மூடியைத் திறந்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். உடம்பில் புள்ளி இல்லை. வாலிலும் இல்லை. நோய் வந்த மீனைப்போலக் கல்லில் உரசிக்கொள்ளவும் இல்லை.

"அட, இது நோயே இல்லடா! ஆம்பளத் தங்கமீன் பெரியவனானா கன்னத்துல இப்படித்தான் வரும். உனக்கு மீசை முளைச்சிருக்கு!" என்று சிரித்தபடி பாட்டிலை மூடினாள்.

போன உயிர் திரும்பி வந்தது ஆரஞ்சு மீனுக்கு. தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. வெள்ளை மீன் மூலையை விட்டு வெளியே வந்து, அதன் கன்னத்தை ஆசையாகப் பார்த்தது.

கறுப்பு மீனும் மெல்லப் பக்கத்தில் வந்து, தன் கன்னத்தைத் திருப்பிக் காட்டியது.

"நல்லாப் பாருடா. எனக்கு ஒண்ணாவது வந்திருக்கா?"